பேயின் முகவரி

பிலடெல்பியா நகரின் ஓவர்புரூக் அவென்யூவில், 1970களின் நடுவில், ஒரு வீட்டு அறை. கட்டிலில் தலைப்பாகையும் வெண்தாடியுமாக ஒரு முதியவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டிலைச் சுற்றித் தரை தெரியாதபடி இளைஞர் கூட்டம். யூதக் குடும்பங்களிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் பிறந்து, வீட்டை விட்டோ வேதத்தை விட்டோ வெளியே வந்தவர்கள் பலர். முதியவர் பேசுவது தமிழ். அதுவும் யாழ்ப்பாணத்துப் பேச்சும் முஸ்லிம்களின் அரபுச் சொற்களும் பின்னிக்கொண்ட தமிழ். பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வருகிறார். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சு இடையில் பாட்டாகும். பாட்டு திரும்பவும் பேச்சாகும். மணிக்கணக்கில் இது நடக்கும்.

எழுதவோ படிக்கவோ தெரியாத அந்த மனிதரின் வாய்மொழியிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட ஆங்கில நூல்கள் வந்திருக்கின்றன. அமெரிக்கச் சூஃபி வரலாற்றை எழுதும் எந்தப் பேராசிரியரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. தமிழ் வாசகரிடம் அவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் பதிலாக வருவது ஒரு புருவ நெரிப்புத்தான். முகம்மது ரஹீம் பாவா முகையதீன். யாழ்ப்பாணத்தில் சுவாமி, கொழும்பில் ஷெய்கு, அமெரிக்காவில் முதலில் குரு பாவா, பிறகு வெறும் பாவா.

அமெரிக்காவுக்குப் போவதற்கு முன் யாழ்ப்பாணத்தில் அவரைத் தேடி வந்தவர்கள் ஞானம் கேட்டு வரவில்லை. நோய் தீர வேண்டும், பிடித்திருக்கும் பேய் போக வேண்டும், யாரோ செய்துவைத்த செய்வினை கழிய வேண்டும் என்று வந்தார்கள். அவரைப் பற்றிய எழுத்துகள் பல இந்த முதல் பாதியைச் சற்றுக் கூச்சத்தோடு கடந்துவிடுகின்றன. கிராமத்து வைத்தியராகத் தொடங்கியவர் பிற்பாடு ஞானியாக உயர்ந்தார் என்பதுபோல ஒரு படிக்கட்டைக் கட்டிவிடுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கடைசி வரைக்கும் பேய் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். பேய் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பற்றிய அவர் பேச்சுத்தான் துலங்கிக்கொண்டே வந்தது.

*

அவர் பிறந்த ஆண்டு, ஊர், பெற்றோர் பற்றி உறுதியான பதிவு எதுவும் இல்லை. சீடர்கள் அவருக்கு நூறு வயதுக்கு மேல் என்று நம்பினார்கள். அவரே சொன்ன வாழ்க்கைக் கதை ‘மேற்கே சாய்ந்த மரம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வந்திருக்கிறது. அதிலும் வரலாறும் உருவகமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. காடு, குகை, அலைச்சல், தவம் என்று கதை போகும். எந்த வருடம் எங்கே என்று கேட்பவருக்குக் கைக்கு ஒன்றும் அகப்படாது.

பொதுவெளியில் அவர் தெரியத் தொடங்குவது 1940களில். வடபகுதி யாத்திரிகர்களுக்கு அவர் அறிமுகமாகிறார். அந்தக் காலத்துச் செய்திகள் இரண்டு இடங்களோடு அவரைச் சேர்த்துச் சொல்கின்றன. ஒன்று தெற்கே கதிர்காமம். முருகனைத் தேடி யாழ்ப்பாணத்திலிருந்து கால்நடையாகப் போகும் அடியார்களின் தலம் அது. வேடர் மகள் வள்ளியின் கதை அங்கே உண்டு; கிழிறு நபியின் பெயரோடு சேர்ந்த பள்ளிவாசலும் அங்கே உண்டு. மற்றது பலாங்கொடைக்கு அருகே கூரகலப் பாறையில் இருக்கும் ஜெயிலானி. பாக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி அங்கே வந்து தவம் இருந்தார் என்பது இலங்கை முஸ்லிம்களின் நம்பிக்கை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மறைந்த அந்தப் பெரியாரைத்தான் தமிழ் முஸ்லிம் வீடுகள் முகையதீன் ஆண்டவர் என்று அழைக்கின்றன. பாவாவின் பெயரிலேயே அவர் இருக்கிறார்.

சைவ யாழ்ப்பாணம் இப்படி ஒருவரை எப்படி ஏற்றுக்கொண்டது என்று வெளியாருக்கு வியப்பாக இருக்கலாம். அந்த மண்ணில் சுவாமிமார் வரிசை ஒன்று உண்டு. கடையிற் சுவாமி, செல்லப்பா சுவாமி, 1964இல் சமாதியான யோகர் சுவாமி. இவர்களில் எவரும் ஆகமம் படித்துப் பீடம் ஏறியவர்கள் அல்லர். கடைத்தெருவிலும் நல்லூர்த் தேரடியிலும் கிடந்தவர்கள். பேச்சில் சிலவேளை வசவு வரும். ஊர் அவர்களுக்குப் பயந்தது. அவர்கள் பின்னாலும் போனது. வேதக்காரரா, சோனகரா, சைவரா என்று கல்யாணத்துக்குப் பார்க்கும் கண்டிப்பை யாழ்ப்பாணத்தார் நோய் தீர்க்கப் போகும்போது பார்ப்பதில்லை. மடு மாதா சந்நிதியிலும் நாகூர் தர்காவிலும் நேர்த்தி வைத்தவர்கள்தான். அந்த வழியில் பாவா ஒரு முஸ்லிம் சுவாமியானார். அவரைச் சூழ்ந்த சீடர்கள் பெரும்பாலும் இந்துக்கள்.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஓர் ஆச்சிரமம் அமைந்தது. தெற்கே புளியங்குளத்தில் வயலும் தோட்டமும். சோறு விளைவிப்பதும் சமைப்பதும் வந்தவருக்குப் பரிமாறுவதும் அங்கே வழிபாட்டின் பக்கத்தில் நடந்த காரியங்கள் அல்ல, வழிபாடே அவைதான். பிற்காலத்தில் பிலடெல்பியாவிலும் அவர் அடுப்படியை விடவில்லை. அரைத்த மசாலாவில் மரக்கறி சமைக்க அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய அமெரிக்கச் சீடர்களின் சகோதரத்துவ சங்கம் வெளியிட்ட நூல்களின் வரிசையில் ஞான நூல்களோடு சமையல் நூலும் உண்டு. எல்லா உயிரிடத்தும் இரக்கம் என்பதை இறைச்சி தவிர்ப்பதிலிருந்து தொடங்கிய முஸ்லிம் ஞானி அவர். தமிழ்ச் சைவம் அவரிடம் கற்றதா, அவர் அதனிடம் கற்றாரா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

*

பேய் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் இறங்கப் போவதில்லை. செய்வினை என்ற நம்பிக்கை ஓர் ஊருக்குள் என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பார்க்கலாம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை. பேசி முடித்த கலியாணம் குழம்புகிறது. கறந்துகொண்டிருந்த பசு திடீரென்று விழுந்து சாகிறது. பரிகாரியார் மருந்து கொடுத்தும் கேட்கவில்லை என்றால், அடுத்து பார்வை பார்ப்பவரிடம் போவார்கள். அவர் தண்ணீர் ஓதிக் கொடுப்பார், நூல் கட்டுவார், திருநீறு போடுவார். சோனகத் தெருவில் என்றால் தாவீசு என்னும் தாயத்தும், இறைநாமங்களை ஓதும் இசிமும். இவ்வளவும் ஒரு பாதிதான். நோயாளியின் வீட்டுக்காரர் உண்மையில் அறிய விரும்புவது இன்னொன்றை: யார் செய்தது? மந்திரவாதியின் கெட்டிக்காரத்தனம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் இருக்கிறது. அவர் பெயர் சொல்ல மாட்டார். திசை சொல்வார், உறவு முறை சொல்வார், வேலிக்கு அப்பால் இருப்பவர் என்பார். வேலிச் சண்டையும் காணி வழக்கும் சீதனத் தகராறும் உள்ள ஊரில் மிச்சத்தைக் கேட்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள். நோயாளி எழுந்து உட்காரலாம், உட்காராமலும் போகலாம். வேலிக்கு அப்பால் ஓர் எதிரி கட்டாயம் பிறந்துவிடுவார்.

நோய்க்குக் காரணம் தேடும் மனம் குற்றவாளியைத் தேடும் மனமாக மாறுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. தன் துன்பத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று மனிதனுக்கு இருக்கும் பசி அப்படி. அண்டை வீட்டுக்காரியின் நாவூறு, அத்தையின் வயிற்றெரிச்சல், பங்காளியின் சூனியம். பேய்க்கு ஒரு முகவரி கிடைத்ததும் வீட்டுக்குள் ஓர் ஆறுதல் வருகிறது. அந்த ஆறுதலின் விலையை ஊர் தலைமுறைகளாகக் கட்டுகிறது.

பாவாவும் இந்த உலகத்துக்குள் இருந்துகொண்டுதான் வைத்தியம் பார்த்தார். பிடித்ததை விரட்டும் வல்லமை அவருக்கு உண்டு என்று நம்பித்தான் வந்தார்கள். விரட்டினார் என்று நம்பித்தான் திரும்பிப் போனார்கள். அவர் சொற்பொழிவுகள் பதிவாகத் தொடங்கிய காலத்தில் அந்தப் பேய்களுக்கு அவர் வைத்த பெயர்களைக் கேளுங்கள்: சூரன், சிங்கன், தாரகன்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்தச் சமூகத்தின் பண்பாட்டைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராணக் கலாசாரம் என்றார். கோயில்களில் கச்சியப்பரின் புராணத்தைப் படித்துப் பயன் சொல்வார்கள். கந்தசஷ்டியில் சூரன் போரில் தலை மாறி மாறி வரும் சூரனைப் பார்த்து அழாத பிள்ளை அங்கே வளர்ந்திருக்க முடியாது. புராணத்தில் சூரபன்மனும் சிங்கமுகனும் தாரகனும் மாயை பெற்ற மக்கள். பாவா அந்தக் குடும்பத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். மாயையின் மூன்று பிள்ளைகள் என்றுதான் அவரும் சொன்னார். அவர்கள் போர் புரியும் களத்தை மட்டும் மாற்றினார். அந்தக் களம் கேட்பவனின் உடம்பு, அவனுடைய காமம், அவனுடைய ஆங்காரம். மாயையின் படைகளைப் பற்றியே அவர் பேசிய பேச்சுகள் ‘மாயா வீரம்’ என்ற பெயரில் ஒரு நூலாக இருக்கின்றன.

அவர் சொன்ன வைத்தியத்தின் அடிப்படை இதுதான். மனம் குரங்கு, ஆசை நாய். அவை காட்டும் திசையில் ஓடுகிற வரைக்கும் மனிதனைப் பிடித்திருப்பது அவனேதான். அதிலிருந்து விடுபட அவர் அறிவின் ஏழு நிலைகளைச் சொன்னார். உணர்வு, உணர்ச்சி, புத்தி, மதி, அறிவு, பகுத்தறிவு, பேரறிவு. முதல் சில நிலைகள் விலங்குக்கும் மனிதனுக்கும் பொது. மனிதனை மனிதனாக்குவது நன்மையையும் தீமையையும் பிரித்துப் பார்க்கும் ஆறாவது. அதைக் குத்பு என்னும் ஞான நிலையோடு அவர் சேர்த்தார். ஏழாவது ஒளி. இந்தப் படிகளில் ஏற அவர் தந்த மருந்துகளோ மிகச் சாதாரணமானவை. பொறுமை, உள்ளதற்கு நன்றி, நடக்கப்போவதை இறைவனிடம் ஒப்படைத்தல், நடந்தது எதுவானாலும் அவனுக்கே புகழ் என்றிருத்தல். சபூர், ஷுகூர், தவக்குல், அல்ஹம்துலில்லாஹ் என்ற நான்கையும் அவர் பேச்சில் திரும்பத் திரும்பக் கேட்கலாம். மூச்சோடு இணைந்த திக்ர் என்னும் இறைநினைவும் உண்டு. வெளியே போகும் மூச்சில் இல்லாததை விடுவது, உள்ளே வரும் மூச்சில் இருப்பதை ஏற்பது.

இதில் அற்புதம் எங்கே இருக்கிறது? வேலிக்கு அப்பால் இருந்த எதிரியை அவர் காணாமல் செய்துவிட்டார் என்பதில் இருக்கிறது. சூரன் உனக்குள் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் வெறும் பக்கத்து வீட்டுக்காரன்தான். கந்தபுராணத்தின் முடிவும் இங்கே நினைவுக்கு வருகிறது. முருகன் சூரனைக் கொன்று தொலைப்பதில்லை. அவன் மயிலும் சேவலுமாகிறான், ஊர்தியாகவும் கொடியாகவும் கூடவே இருக்கிறான்.

*

1971இல் அவர் பிலடெல்பியாவுக்குப் போனார். அழைத்தவர்கள் இளம் அமெரிக்கர்கள். 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஆசியாவிலிருந்து ஆசான்கள் அலையலையாக அமெரிக்கா வந்த காலம் அது. வியட்நாம் போர் முடிந்திருக்கவில்லை. போதைப் பொருளும் வழி தெரியாமையும் ஒரு தலைமுறையைத் தின்றுகொண்டிருந்தன. 1973இல் அவர் பெயரால் ஒரு சகோதரத்துவ சங்கம் உருவானது.

அந்தப் பிள்ளைகளுக்கும் பேய் பிடித்திருந்தது. அவர்களும் அதற்கு ஒரு முகவரி வைத்திருந்தார்கள். அப்பா, அரசாங்கம், தேவாலயம், பணம் புரளும் சமூகம். அந்தக் குற்றச்சாட்டுகளில் நியாயம் இல்லாமல் இல்லை. பாவா அவற்றை மறுத்து வாதாடியதாகத் தெரியவில்லை. கதை சொன்னார். சிங்கம், நரி, அரசன், தச்சன், கழுதை என்று நீண்டுகொண்டே போகும் கதைகள். பிள்ளைகளே, கண்மணிகளே என்று அழைத்துச் சொன்ன நூற்றியொரு கதைகள் தனி நூலாகவும் வந்தன. கதையின் முடிவில் நரி யார் என்று கேட்டால், கேட்டவன் பக்கம்தான் விரல் திரும்பும். துறவு வேண்டாம் என்றார். கல்யாணம் செய், வேலைக்குப் போ, பிள்ளையை வளர், சமைத்துப் பரிமாறு. ஞானம் தேடிக் கடல் கடந்து அழைத்து வந்த கிழவர் தங்கள் தாய் சொன்னதையே சொல்கிறாரே என்று சிலருக்குத் தோன்றியிருக்கும்.

முதல் ஆண்டுகளில் அவர் பேச்சில் இந்துப் புராணச் சொற்கள் நிறைய. பிறகு குரு என்ற அடைமொழி உதிர்ந்தது. குர்ஆனும் நபிமார் கதைகளும் கூடுதலாக வந்தன. ஐவேளைத் தொழுகை வந்தது. 1984இல் ஓவர்புரூக் வீட்டை ஒட்டிச் சீடர்கள் கட்டிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. எல்லாச் சமயத்தையும் கடந்த குருவைத் தேடி வந்தவர்களில் சிலருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை, விலகினார்கள். பலர் தொழுகை வரிசையில் நின்றார்கள். அந்தப் பள்ளியில் இன்று புலம்பெயர்ந்த முஸ்லிம்களும் அமெரிக்கச் சீடர்களும் சேர்ந்து தொழுகிறார்கள்.

இங்கே கோல்மன் பார்க்ஸைச் சொல்லாமல் போக முடியாது. ரூமியை அமெரிக்காவின் புத்தகக் கடைகளுக்கும் கல்யாண வாழ்த்து அட்டைகளுக்கும் கொண்டுபோனவர் அவர். 1977 மே மாதம் கனவில் ஒரு முதியவரைக் கண்டதாகவும், அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் பாவாவை நேரில் பார்த்தபோது அவரேதான் என்று அறிந்ததாகவும் பார்க்ஸ் எழுதியிருக்கிறார். ரூமியின் வேலையைத் தொடரச் சொன்னவரும் பாவாதான். பாரசீகக் கவிஞன் ஒருவனின் இருபதாம் நூற்றாண்டு ஆங்கில மறுபிறப்புக்குப் பின்னால் தமிழ் மட்டும் பேசிய கிழவர் ஒருவர் இருக்கிறார். இதில் ஒரு முரண் உண்டு. பார்க்ஸின் ரூமியில் இஸ்லாம் மெலிந்துவிட்டது என்பது அறிஞர்கள் பலரின் குறை. பார்க்ஸ் வந்துபோய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவருடைய ஆசான் தன் பிள்ளைகளைத் தொழுகையை நோக்கி நடத்திக்கொண்டிருந்தார். தொழுகையும் அவருக்கு வைத்தியத்தின் ஒரு பகுதிதான். ஒவ்வொரு நாளும் ஐந்து முறை தன்னைத் தானே விசாரிக்க வேண்டும் என்ற ஒழுங்கு. ஒழுங்கு இல்லாத பரவசத்தில் சூரனுக்கு இன்னொரு தலை முளைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*

அவரை வாசிக்கிற எவருக்கும் தடை எழாமல் இருக்காது. எனக்கு மூன்று தடைகள் உண்டு.

சமயங்களை அவர் மனித உடம்பின் மேல் படிகளாக அடுக்கினார். இந்து சமயம் இடுப்புக்குக் கீழே, அக்கினி வழிபாடு வயிற்றில், கிறிஸ்தவம் நெஞ்சில், இஸ்லாம் தலையில். ஒவ்வொருவரும் எல்லாப் படியையும் தனக்குள் கடக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பரந்த மனம்தான். ஆனாலும் படி என்று வந்துவிட்டால் கீழ்ப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அவரைச் சுவாமி என்று கும்பிட்ட யாழ்ப்பாணத்து இந்து இதை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று யோசிக்கிறேன். வேறொரு திசையிலிருந்து, கண்டிப்பான ஆலிம் ஒருவருக்கும் இந்த அடுக்கு உவப்பாக இராது.

உடம்பைப் பற்றியும் காமத்தைப் பற்றியும் அவர் பேசுவதில் சித்தர் மரபின் கடுமை உண்டு. பெண்ணுடம்பை மாயையின் உருவமாகக் காணும் பழைய நோய் அந்த மரபுக்கே உரியது. அதிலிருந்து அவர் முழுவதும் தப்பினார் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவதுதான் பெரிது. பேய் உள்ளே இருக்கிறது என்று சொல்லும்போது நோயாளியே குற்றவாளி ஆகிவிடுகிறான். புற்றுநோய் வந்தவளிடம் உன் மனத்தைப் பார் என்று சொல்வது வைத்தியம் ஆகாது, கொடுமை. சாதியின் பேரால் கோயில் வாசலில் தடுக்கப்பட்டவனிடமும் அப்படிச் சொல்ல முடியாது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையப் போராடியவர்களுக்கு எதிரி உள்ளே இல்லை, வாசலில் நின்றார். ஆன்மிக வைத்தியர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். எல்லாத் துன்பத்தையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால், வெளியே அநியாயம் செய்பவனுக்கு வசதி.

பாவாவிடம் இதற்கு ஓர் அரைப் பதில் இருக்கிறது. இனம், மதம், சாதி, நான், நீ என்ற பிரிவினைகளை அவர் சபிக்காத பேச்சு அரிது. அந்தப் பிரிவினைகளே பேய் என்றார். அப்படியானால் கோயில் வாசலில் நின்றவருக்குத்தான் பேய் பிடித்திருந்தது, தடுக்கப்பட்டவருக்கு அல்ல. உன் சூரனைப் பார் என்ற சொல்லை வலியவனிடம் சொல்லும்போது அது மருந்து. எளியவனிடம் சொல்லும்போது நஞ்சு. அவர் யாரிடம் எதைச் சொன்னார் என்று ஒவ்வொரு பேச்சாகப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெஹ்ரானில் அமெரிக்கர்கள் பிணையாக இருந்த நாட்களில் அவர் கொமைனிக்கும் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டருக்கும் கடிதம் அனுப்பினார். எதிரும் புதிருமாக நின்றவர்கள் இருவரிடமும் அவர் கேட்டது ஒன்றுதான். உள்ளே திரும்பிப் பாருங்கள் என்று.

*

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, பாலத்தைக் கடந்து தீவுப் பகுதிக்குள் போனால் மண்கும்பான். 1955இல் பாவா அங்கே ஓர் இறை இல்லத்துக்கு அடிக்கல் வைத்தார். ஈசா நபியின் தாய் மரியத்தோடு நிகழ்ந்த ஓர் ஆன்மிகச் சந்திப்பு அதற்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. இருபது ஆண்டுகள் அரைகுறையாக நின்ற கட்டடத்தை ஆச்சிரமத்துக்கு வந்த அமெரிக்கச் சீடர்கள் கல்லும் சாந்தும் சுமந்து முடித்தார்கள். 1975 பெப்ரவரி 17ஆம் திகதி அது திறந்து வைக்கப்பட்டது. முஸ்லிம் ஞானி அடிக்கல் வைத்து, கிறிஸ்தவ மாதாவின் நினைவில் எழுந்து, யூதப் பிள்ளைகளும் கைகொடுத்துக் கட்டி, இந்துக்கள் விளக்கேற்றிப் பேணிய இடம் அது.

அந்த நாட்டில் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவோம். 1983 ஜூலையில் தெற்கில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1986 டிசம்பர் 8ஆம் திகதி பாவா பிலடெல்பியாவில் மறைந்தார். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிய சனம் கையில் அகப்பட்டதோடு நடந்தது.

இதைச் செய்வினைக் கணக்காகவும் வாசிக்கலாம். போராட்டம் திசை தடுமாறிய நேரம் அது. நோய்க்குக் காரணம் யார் என்ற கேள்வி எழுந்தது. வேலிக்கு அப்பால் இருப்பவர் என்று பதில் வந்தது. காட்டிக்கொடுப்பவர் என்ற ஐயம் ஒரு சமூகத்தின் மீதே ஒட்டப்பட்டது. முன்பு ஒரு வீட்டுக்குள் நடந்தது இப்போது மாகாண அளவில் நடந்தது. தெற்கில் சிங்களப் பேரினவாதம் தமிழரை வைத்துச் செய்ததும் இதேதான். பாவா தவம் இருந்ததாகச் சொல்லப்படும் ஜெயிலானிப் பாறையையும் அந்தக் கை விடவில்லை. அது பௌத்தத் தொல்லியல் இடம், முஸ்லிம்கள் அந்நியர் என்ற கூச்சல் 2013இல் உச்சத்துக்குப் போனது.

முஸ்லிம்கள் இல்லாத யாழ்ப்பாணத்தில் பாவாவின் ஆச்சிரமத்தையும் மண்கும்பான் பள்ளியையும் இந்துச் சீடர்கள் விட்டுவிடவில்லை. இதைப் பெரிதாக்கி ஆறுதல் தேடிக்கொள்ள நான் விரும்பவில்லை. ஓர் ஆச்சிரமத்தின் விசுவாசம் 75,000 பேரின் இழப்பை ஈடு செய்யாது. அந்தச் சீடர்கள் வெளியேற்றத்தைத் தடுத்து நிறுத்தும் வலிமை உடையவர்களும் அல்லர். பாவாவின் வைத்தியம் தனி மனிதர்களைத் தொட்டது; ஊரைத் தொடவில்லை. அவர் நாற்பது ஆண்டு பேசியும் அவரை வளர்த்த மண் தன் பேய்க்கு வெளியே முகவரி தேடியது. தோல்வி என்றால் இதுதான் அவர் தோல்வி. இருந்தாலும் நோயின் பெயரை அவர் சரியாகச் சொல்லியிருந்தார். கேட்காத நோயாளிக்காக மருத்துவரின் கணிப்பைக் குறை சொல்ல முடியாது.

*

இறுதி ஆண்டுகளில் அவருக்கே உடம்பு முடியாமல் போனது. ஆயிரம் பேருக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தவர் தன் நோயோடு கட்டிலில் கிடந்து பேசினார். மற்றவரைக் குணப்படுத்தியவர் தன்னைக் குணப்படுத்திக்கொள்ளவில்லையே என்று கேட்பது எளிது. நோயை அவர் எங்கே வைத்துப் பார்த்தார் என்று விளங்கியவருக்கு அந்தக் கேள்வி வராது. உடம்பு மண்ணுக்குரியது, போகும். பிலடெல்பியாவுக்கு மேற்கே கோட்ஸ்வில் அருகே சங்கத்தின் பண்ணை நிலத்தில் அவர் அடக்கமாகியிருக்கிறார். வெண்ணிறத்தில் எழுந்திருக்கும் அந்த மஸார் வட அமெரிக்காவில் சூஃபி யாத்திரிகர்கள் தேடிப் போகும் தலங்களில் முக்கியமானது.

அவர் வாரிசு என்று எவரையும் தன் இடத்தில் உட்கார வைக்கவில்லை. சூஃபி மரபில் ஷெய்குக்குப் பின் கலீஃபா வருவது வழக்கம். அவருக்குப் பின் சங்கத்தை நடத்துபவர்கள் உண்டு, தொழுகை நடத்துபவர்கள் உண்டு, ஷெய்கு இல்லை. கூட்டம் கூடினால் ஒலிநாடாவைப் போட்டுக் கேட்கிறார்கள். இதனால் சங்கம் தேங்கிப்போனது என்று சொல்பவர்கள் உண்டு. உயிருள்ள ஆசான் இல்லாத இடத்தில் ஒலிநாடாவே வேதமாக இறுகும் ஆபத்தும் மெய்தான். யாழ்ப்பாணத்தில் இன்றும் சிலர் பழையபடி நோயோடும் நேர்த்தியோடும் வந்து நிற்கிறார்கள். தன் சூரனைத் தேடும் சிரமத்தைவிட ஓதிய தண்ணீர் எளிது. அவர்களை யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. வலிக்கிறவருக்கு முதலில் வலி போக வேண்டும்.

ஆனாலும் வாரிசு இல்லாமல் போனதில் அவருடைய வைத்தியத்தின் முழு நியாயமும் இருப்பதாக நான் நினைக்கிறேன். மந்திரவாதியின் அதிகாரம் மந்திரத்தில் இல்லை. இன்னாருக்குப் பேய் பிடித்திருக்கிறது, இன்னார் ஏவிவிட்டார் என்று சொல்லும் வாயில் இருக்கிறது. அரசியல்வாதியிடமும் மதத் தலைவரிடமும் இருப்பது அதே வாய். ஊர் முழுதும் நம்பிய அந்த அதிகாரம் பாவாவிடம் இருந்தது. அடுத்தவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லும் உரிமையை அவர் ஒருவருக்கும் எழுதிக் கொடுக்காமல் போனார். தன்னுடையதைத் தானே பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஒலிநாடாக்களில் இருப்பது தமிழ். குணங்குடி மஸ்தானையும் தக்கலை பீர்முகம்மது அப்பாவையும் பாடமாக வைத்திருக்கும் நம் இலக்கிய வரலாறு, இருபதாம் நூற்றாண்டில் ஒரு தமிழ்ச் சூஃபி வாய் ஓயாமல் பேசியதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், நாம் ஆங்கிலத்தில் படிக்கிறோம். பக்தரும் மறுப்பவரும் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். அவரை முதலில் தமிழில் கேட்க வேண்டும், அச்சில் கொண்டுவர வேண்டும், சண்டை போட்டு வாசிக்க வேண்டும். பேய்க்கு வெளியே முகவரி தேடிப் பெரும் விலை கொடுத்த மொழிக் கூட்டம் நாம். அவரைக் கேட்டு வாசிக்கும் வேலையை அமெரிக்கர்களிடமே விட்டுவிடுவது நியாயமாகாது.